இப்போதே முதலிடம் என்றால் நம்பலாமா?

அமெரிக்காவில் 2028 அதிபர் தேர்தலுக்கு எந்தக் கட்சியில் யார் வேட்பாளர் என்று இப்போதே கருத்துக்கணிப்புகள் வரிசை கட்டி வருகின்றன. அதைப் பற்றி வந்த கேள்விகள் சேர்ந்துவிட்டதால் இந்த இதழ் முழுவதும் அதற்கே.

2024 தேர்தல் முடிந்த சூட்டோடு அடுத்த வேட்பாளர் யார் என்று கணிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு முன்னாடி எடுப்பதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? (காரைக்குடி வாசகர்)

இருக்கிறது. ஆனால் தலைப்புச் செய்தியில் போடுகிற அர்த்தம் வேறு, உள்ளே இருக்கிற அர்த்தம் வேறு.

அங்கே கட்சித் தலைமை கூடிப் பேசி வேட்பாளரை அறிவிக்கிற வழக்கம் 1968க்குப் பிறகு ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. அந்த வருடம் ஹூபர்ட் ஹம்ப்ரி கட்சிக்குள் மாநிலவாரியாக நடக்கும் பிரைமரி தேர்தல் ஒன்றில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார், சிகாகோ மாநாட்டில் வெளியே அடிதடி, உள்ளே கூச்சல், கடைசியில் தேர்தலில் தோல்வி. அதற்கப்புறம்தான் விதிகளை மாற்றி, மாநிலம் மாநிலமாக சாதாரண வாக்காளர்களே ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை வலுப்பட்டது. முடிவு மக்கள் கையில் இருக்கிறது என்றால் மக்களைக் கேட்டுப் பார்க்கத்தானே செய்வார்கள்?

சிக்கல் என்னவென்றால், இரண்டு மூன்று வருடம் முன்னாடி கேட்டால் மக்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரைச் சொல்வார்கள். 2003 ஆரம்பத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் எடுத்த தேசியக் கணிப்புகள் பலவற்றில் முன்னால் நின்றவர் ஜோ லீபர்மேன். காரணம், 2000 தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நாடு முழுக்கச் சுற்றியவர், பெயர் எல்லோருக்கும் பழக்கம். 2004 பிப்ரவரி 3-ம் தேதி ஒரு மாநிலத்தைக்கூட ஜெயிக்காமல் போட்டியிலிருந்து விலகினார். 2007-ல் குடியரசுக் கட்சியில் ரூடி ஜூலியானி கதையும் அதேதான். 2001 செப்டம்பர் தாக்குதலின்போது நியூயார்க் மேயராக இருந்தவர் என்பதால் பெயர் தெரியாத ஆளே கிடையாது. அந்த வருடத்தின் பெரும்பகுதி தேசியக் கணிப்புகளில் அவர்தான் முதலிடம். முதலில் ஓட்டுப் போடும் மாநிலங்களில் கவனம் செலுத்தாமல் ஃப்ளோரிடாவை நம்பி உட்கார்ந்தார், 2008 ஜனவரி 29 அன்று அங்கே மூன்றாவது இடம், மறுநாள் விலகல். அதற்கு நேர்மாறு ஜிம்மி கார்ட்டர். 1975-ல் 'எந்த ஜிம்மி?' என்று கேட்ட நாடு அடுத்த வருடம் அவரை அதிபராக்கியது.

அதற்காக ஆரம்பக் கணிப்பெல்லாம் குப்பை என்று தூக்கிப் போட முடியாது. 1980-ல் ரீகன், 2000-ல் ஜார்ஜ் புஷ், அல் கோர் இரண்டு பேருமே, 2016-ல் ஹிலாரி கிளின்டன், 2024-ல் டிரம்ப் என்று ஆரம்பத்திலிருந்து முன்னால் இருந்தவர்களே வேட்பாளர் ஆன வருடங்களும் நிறைய. ஆக, முதலிடத்தில் இருக்கிறார் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு இவர் ஜூலியானியா, ரீகனா என்று சொல்லவே முடியாது. அதைச் சொல்ல வேறு சில எண்கள் வேண்டும், அவை கணிப்பின் பின்பக்கங்களில் இருக்கும், பத்திரிகைகள் அவற்றைப் பெரும்பாலும் போடுவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

அந்த 'வேறு எண்கள்' என்ன? உற்சாகத்தை எல்லாம் அளக்க முடியுமா? (திருச்சி வாசகி)

அளக்கிறார்கள். 'யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்' என்பது முதல் கேள்வி மட்டும்தான். அதற்கப்புறம், 'அவர் வேட்பாளரானால் உங்களுக்கு எவ்வளவு உற்சாகம்? மிக அதிகமா, ஓரளவா, இல்லவே இல்லையா?' என்று ஒன்று. 'முடிவு உறுதியா, மாற வாய்ப்பு உண்டா?' என்று ஒன்று. 'உங்கள் இரண்டாவது விருப்பம் யார்?' 'எந்த நிலையிலும் யாருக்குப் போடவே மாட்டீர்கள்?' அப்புறம் எல்லா வேட்பாளர் பெயரையும் சொல்லி, பிடிக்குமா பிடிக்காதா, அல்லது கருத்துச் சொல்கிற அளவுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி எண் தங்கம். 90 சதவீதம் பேருக்குத் தெரிந்த ஒருவர் 20 சதவீதத்தில் நிற்கிறார், 40 சதவீதம் பேருக்கு மட்டுமே தெரிந்த இன்னொருவர் 10 சதவீதத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவரிடம்தான் சரக்கு இருக்கிறது. முதலாமவரைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே பார்த்து, யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இந்த எண்களும் கல்லில் வெட்டியவை இல்லை. 2015 ஜூன் 16 அன்று டிரம்ப் போட்டியை அறிவித்தபோது அவர் கட்சிக்காரர்களிலேயே பிடிக்காது என்றவர்கள்தான் அதிகம், அதுவும் பெரிய வித்தியாசத்தில். பெயர் தெரியும், பிடிக்கவும் இல்லை, அப்படியானால் கதை முடிந்தது என்று படித்தவர்கள் எல்லாம் எழுதினார்கள். இரண்டே மாதத்தில் அந்த எண் தலைகீழாகத் திரும்பியது. பிரபலமான ஒருவரைப் பற்றிய அபிப்பிராயம் இவ்வளவு சீக்கிரம் மாறுவது அபூர்வம், இருந்தாலும் நடந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1,000 பேரிடம் எடுத்த கணிப்பு என்று போட்டிருப்பார்கள். அதில் ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடுகிறவர்கள் 400 பேர்தான் தேறுவார்கள். 1,000 பேருக்குப் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலவரம் கணிப்பைவிட ஏறியோ இறங்கியோ இருக்கக்கூடிய அளவு, சுமார் 3 சதவீதப் புள்ளி, 400 பேருக்கு அது 5 ஆகிவிடும். 12 சதவீதம் எடுத்தவர் 9 சதவீதம் எடுத்தவரை 'முந்தினார்' என்று எழுதினால் அதில் செய்தியே இல்லை.

உற்சாகக் கணக்கு நிஜமாகவே பலித்த ஓர் உதாரணம் சொல்லுங்கள், நம்புகிறேன். (ஈரோடு வாசகர்)

2024 ஜனவரி, அயோவா.

அயோவாவில் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் காகஸ் என்ற கூட்டத்துக்குப் போக வேண்டும். நம் ஊர் மாதிரி காலையிலிருந்து மாலைக்குள் எப்போது வேண்டுமானாலும் போய் மை வைத்துக்கொண்டு வந்துவிட முடியாது. சாயங்காலம் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் பள்ளிக்கூடத்துக்கோ சர்ச்சுக்கோ சமுதாயக் கூடத்துக்கோ போய் உட்கார வேண்டும், ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசுவதைக் கேட்க வேண்டும், அப்புறம்தான் சீட்டில் பெயர் எழுதிப் போட வேண்டும். குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வர வேண்டும், இரவு ஷிஃப்ட் இருந்தால் போச்சு. அந்த வருடம் காகஸ் நடந்த ஜனவரி 15 அன்று குளிரும் சேர்ந்துகொண்டது. பூஜ்யத்துக்கு வெகு கீழே வெப்பநிலை, முகத்தை மூடாமல் வெளியே நிற்க முடியாத காற்று, சாலை ஓரமெல்லாம் பனி.

அதற்கு இரண்டு நாள் முன்னாடி அயோவாவின் பெரிய நாளிதழான டெ மாய்ன் ரெஜிஸ்டருக்காக ஆன் செல்சர் எடுத்த கடைசிக் கணிப்பு வந்தது. டிரம்ப் 48, நிக்கி ஹேலி 20, ரான் டிசாண்டிஸ் 16. ஹேலி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார் என்று எல்லா சேனலிலும் அதே பேச்சு. ஆனால் அதே கணிப்பின் உள்ளே ஒரு வரி இருந்தது. தங்கள் வேட்பாளர் மீது அதிக உற்சாகத்தோடு இருப்பதாகச் சொன்னவர்கள் டிரம்ப் ஆதரவாளர்களில் 88 சதவீதம், டிசாண்டிஸ் ஆதரவாளர்களில் 62, ஹேலி ஆதரவாளர்களில் 39. இரண்டாம் இடத்தில் இருப்பவருடைய ஆட்களில் பத்தில் ஆறு பேருக்கு அவ்வளவாக ஆர்வம் இல்லை. செல்சரே அப்போது இதைச் சுட்டிக்காட்டினார்.

முடிவு என்ன? டிரம்ப் 51, டிசாண்டிஸ் 21, ஹேலி 19. இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் அப்படியே மாறிவிட்டன. அன்றைக்கு வந்தவர்கள் மொத்தமே சுமார் 1,10,000 பேர். 2016-ல் வந்தவர்கள் 1,87,000க்கு அருகில். குளிரில் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு மனசு இருந்தவர்கள் போனார்கள், மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். டிசாண்டிஸ் அயோவாவின் 99 கவுன்ட்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) போய் வந்தவர், அவருக்கு ஊருக்கு ஊர் ஆள் இருந்தது என்பதும் இதில் சேர்த்தி. காரணம் இது ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், உள்பக்கம் பார்த்தவர்கள் ஆச்சரியப்படவில்லை.

அதே ஆன் செல்சர்தான் 2024 நவம்பரில் அயோவாவில் கமலா ஹாரிஸ் ஜெயிப்பார் என்று சொல்லி மண்ணைக் கவ்வினார். அவரைப் போய் உதாரணம் காட்டுகிறீர்களே? (சேலம் வாசகர்)

கேட்க வேண்டிய கேள்வி. ஹாரிஸ் 3 புள்ளி முன்னால் என்று கடைசிக் கணிப்பு சொன்னது, டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். பெரிய தவறு, மழுப்ப ஒன்றும் இல்லை.

ஆனால் அவர் பெயர் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007 முழுக்க ஜனநாயகக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் ஹிலாரி கிளின்டன் எட்டாத உயரத்தில் இருந்தார், இலையுதிர் காலத்தில் பராக் ஒபாமாவைவிட 20 புள்ளிக்கு மேல் முன்னிலை காட்டிய கணிப்புகள் உண்டு. 2007 டிசம்பர் கடைசி நாள் செல்சரின் அயோவா கணிப்பு வந்தபோது ஒபாமா 32, ஹிலாரி 25, ஜான் எட்வர்ட்ஸ் 24. எதிர்முகாம்கள் கொதித்தன. ஏனென்றால் காகஸுக்கு வரப்போகிறவர்களில் 60 சதவீதம் பேர் முதல்முறையாக வருகிறவர்கள் என்று அந்தக் கணிப்பு சொன்னது, அப்படி ஒருபோதும் நடந்ததில்லை. மற்ற கணிப்பாளர்கள் பலர் போன தடவை வந்தவர்களின் கணக்கை வைத்து இந்தத் தடவை வரப்போகிறவர்களை முடிவு செய்வார்கள். செல்சர் வாக்காளர்களிடமே வருவீர்களா என்று கேட்டார், வருகிறேன் என்றவரை நம்பினார். 2008 ஜனவரி 3 அன்று ஒபாமா 38, எட்வர்ட்ஸ் 30, ஹிலாரி 29. வந்த கூட்டம் சுமார் 2,39,000, அதற்கு முந்தைய முறையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இவ்வளவு பெரிய வெற்றியைத் தந்த அதே முறை 2024-ல் காலை வாரியது. உற்சாகத்தை நம்புகிற கணிப்பு, உற்சாகம் ஒரு பக்கம் மட்டும் வாய்விட்டுப் பேசுகிறபோது தவறும். எனவே ஒரே கணிப்பை, அது யாருடையதாக இருந்தாலும், வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர். 2028 கணிப்புகளில் அவர் பெயர் மேலேயே வருகிறது என்றதும் இங்கே மறுபடியும் பேச்சு கிளம்பிவிட்டது. அவர் வருவாரா? (மன்னார்குடி வாசகர்)

உங்கள் ஊர்ப்பக்கத்து ஆசை எனக்குப் புரிகிறது. 2020-லும் 2024-லும் அந்தக் கோயிலில் நடந்த பூஜைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் யாருக்குமே புரியும். அதனாலேயே விஷயத்தை நேராகச் சொல்கிறேன்.

2019 ஜனவரி 27 அன்று ஓக்லண்டில் அவர் பிரசாரத்தைத் தொடங்கியபோது 20,000 பேர் கூடினார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்த வருடம் அவ்வளவு பெரிய தொடக்கக் கூட்டம் வேறு யாருக்கும் சுலபமாக அமையவில்லை. ஜூன் 27 அன்று மியாமி விவாதத்தில் ஜோ பைடனை நேருக்கு நேர் மடக்கினார், மறுநாளே கணிப்புகளில் எகிறினார். சில வாரத்தில் இறங்க ஆரம்பித்தது, கோடை முடியும்போது பழைய இடம், அப்புறம் அதற்கும் கீழே. டிசம்பர் 3 அன்று, அயோவாவில் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, பணம் போதவில்லை என்று சொல்லி விலகினார். 2024-ல் பைடன் ஜூலை 21 அன்று ஒதுங்கியபோது பிரைமரிகள் எல்லாம் முடிந்திருந்தன, கட்சிப் பிரதிநிதிகளே அவரை வேட்பாளராக்கினார்கள். ஆக, அதிபர் பதவிக்கான பிரைமரி களத்தில் ஓட்டுப்பதிவு நாள் வரை அவர் நின்றதே இல்லை.

இப்போதைய கணிப்புகளில் அவர் மேலே இருப்பதற்குப் பாதிக் காரணம் நான் மேலே சொன்ன லீபர்மேன் காரணம்தான். நாடு முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் லீபர்மேனுக்கு இல்லாத ஒன்று இவருக்கு இருக்கிறது, கறுப்பின வாக்காளர்களிடம், அதிலும் வயதான பெண்களிடம், உண்மையான பாசம். அந்த வாக்காளர்கள்தான் ஜனநாயகக் கட்சி பிரைமரியின் முதுகெலும்பு. கணிப்பில் அவருடைய மொத்த எண்ணைவிட, அவர்களில் எத்தனை பேர் அவரை விட்டு வேறு பெயருக்கு நகர்கிறார்கள் என்று பாருங்கள்.

விவேக் ராமசாமி? (பொள்ளாச்சி வாசகர்)

2024-க்கான குடியரசுக் கட்சிப் போட்டியில் இறங்கிய தொழிலதிபர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் குடும்பம், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். 2023 ஆகஸ்டில் கணிப்புகளில் திடீரென்று மேலே வந்தார், அயோவாவில் 8 சதவீதத்தை ஒட்டி நாலாவது இடம், அன்று இரவே விலகி டிரம்புக்கு ஆதரவு. அடுத்து ஒஹையோ ஆளுநர் பதவியைக் குறிவைத்து இறங்கினார்.

உற்சாகம், உற்சாகம் என்கிறீர்கள். பைடனுக்கு யார் உற்சாகப்பட்டார்கள்? அவர் ஜெயிக்கவில்லையா? (சென்னை, மயிலாப்பூர் வாசகி)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 2020 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சியும் வாஷிங்டன் போஸ்டும் சேர்ந்து எடுத்த கணிப்பில் பைடன் ஆதரவாளர்களில் 'மிக உற்சாகம்' என்றவர்கள் 24 சதவீதம்தான். டிரம்ப் ஆதரவாளர்களில் அது 53. இருந்தும் நவம்பரில் பைடன் ஜெயித்தார்.

ஏன் என்றால், ஒருவர் மேல் இருக்கிற ஆசை மட்டுமே மக்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோவதில்லை. எதிரே இருப்பவர் மேல் இருக்கிற கோபமும் கொண்டுபோகும், பயமும் கொண்டுபோகும். டிரம்பைத் தோற்கடிக்க யாரால் முடியும் என்பதுதான் அந்த வருடம் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களின் ஒரே கேள்வி. அதனால் பெர்னி சாண்டர்ஸ் கூட்டங்களில் இளைஞர்கள் அலைமோதியபோதும், பைடன் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று சரிந்தபோதும், தெற்கு கரோலினாவில் அவருடைய ஆட்கள் அசையவில்லை. பிப்ரவரி 26 அன்று அந்த மாநிலத்தின் செல்வாக்கு மிக்க கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பகிரங்கமாக ஆதரித்தார், 29-ம் தேதி பைடனுக்குக் கிட்டத்தட்ட பாதி ஓட்டு. மூன்று நாள் கழித்து வந்த, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடுகிற சூப்பர் செவ்வாயோடு போட்டியே முடிந்த மாதிரி ஆகிவிட்டது.

இது கைதட்டலில் தெரியாத ஆதரவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற ஒரு அறுபது வயது அம்மாள் கூட்டத்துக்குப் போய்க் கொடி பிடிக்க மாட்டார், கருத்துக்கணிப்பில் 'மிக உற்சாகம்' என்றும் சொல்ல மாட்டார், ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் ஓட்டுப் போடுவார். காகஸ் மாதிரி இரவில் உட்கார வைக்கிற இடத்தில் கொதிப்புக்கு மதிப்பு அதிகம். சாதாரணமாக ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிற பிரைமரியில் இந்த மாதிரி வழக்கமான வாக்காளருக்கு மதிப்பு அதிகம். எந்த மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் உற்சாகத்தின் விலையைச் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் பிடித்து, உற்சாகமும் இருந்து, அப்புறமும் தோற்றவர் உண்டா? (பாளையங்கோட்டை வாசகர்)

டெட் கென்னடி. இதைவிடப் பெரிய வீழ்ச்சியை நான் படித்ததில்லை.

1979-ல் பதவியில் இருந்த அதிபர் கார்ட்டர் அவருடைய கட்சிக்காரர்களுக்கே பிடிக்காமல் போயிருந்தார், பெட்ரோல் வரிசை, விலைவாசி. கணிப்புகளில் கென்னடி அவரைவிட வெகு தூரம் முன்னால். அண்ணன்மாரில் ஜான், ராபர்ட் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள், இவர் எப்போது வருவார் என்று பத்து வருடமாகக் காத்திருந்த கூட்டம் உண்டு. அந்த வருடம் நவம்பர் 4 இரவு சிபிஎஸ் தொலைக்காட்சியில் ரோஜர் மட் எடுத்த பேட்டி ஒளிபரப்பானது. அதில் மிகச் சாதாரணமான ஒரு கேள்வி: நீங்கள் ஏன் அதிபராக விரும்புகிறீர்கள்? கென்னடி இழுத்தார், நிறுத்தினார், நாட்டின் இயற்கை வளம், தொழில்நுட்பம் என்று எங்கெங்கோ போனார். பதில் வரவில்லை. அவர் போட்டியை முறையாக அறிவித்ததே அதற்கு மூன்று நாள் கழித்துத்தான். அந்தப் பேட்டி வெளியான அதே நாள் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினார்கள். நாட்டுக்கு ஆபத்து என்றதும் மக்கள் பதவியில் இருப்பவர் பக்கம் சாய்ந்தார்கள். 1980 ஜனவரியில் அயோவாவில் கார்ட்டர் 59, கென்னடி 31.

நிற்காதவரை ஒருவர் எல்லோருடைய கனவுக்கும் இடம் கொடுப்பார். நின்ற மறுநாள் அவர் வாய் திறந்து பேசியாக வேண்டும். 1995-ல் காலின் பவல் அந்த உயரத்தில் இருந்தபோதே நவம்பரில் நிற்கவில்லை என்று அறிவித்து விலகிக்கொண்டார். 2007-ல் ஃப்ரெட் தாம்ப்சன் களத்துக்கு வரும்வரை நட்சத்திரம், செப்டம்பரில் வந்த பிறகு மங்கிக்கொண்டே போனார். இன்னும் அறிவிக்காத ஒருவர் 2028 கணிப்பில் ஓஹோ என்று இருந்தால் இவர்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தவறாகப் போனால் போகட்டும், வெறும் கணிப்புதானே. அதில் யாருக்கு என்ன நஷ்டம்? (வேலூர் வாசகர்)

நஷ்டம் உண்டு, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. இந்தக் கணிப்புகள் யார் மேடை ஏறலாம் என்பதையே தீர்மானிக்கின்றன.

2015 ஆகஸ்ட் 6, கிளீவ்லாந்தில் குடியரசுக் கட்சியின் முதல் விவாதம். தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்து இடத்தில் வந்தவர்களுக்கு மட்டும் பிரதான நேரம், மற்றவர்களுக்கு அரங்கம் காலியாகக் கிடந்த மாலைப்பொழுது. டெக்ஸஸை 14 வருடம் ஆண்ட ரிக் பெர்ரி அந்த இரண்டாவது வரிசையில் தள்ளப்பட்டார், செப்டம்பரில் போட்டியைவிட்டே போய்விட்டார். 2019-ல் ஜனநாயகக் கட்சி, மூன்று கணிப்புகளில் 1 சதவீதம் வேண்டும், அல்லது 65,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும் என்றது, 20 பேர் இரண்டு இரவாகப் பேசினார்கள். மொன்டானா ஆளுநர் ஸ்டீவ் புல்லக், டிரம்ப் ஜெயித்த மாநிலத்தில் அதே நாளில் ஜெயித்துக் காட்டியவர், அந்த முதல் மேடையில் ஏற முடியவில்லை. செப்டம்பரில் வரம்பை 2 சதவீதமாக்கினார்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன பிழை வரம்பை நினைத்துப் பாருங்கள். 400 பேரில் 1 சதவீதம் என்றால் நாலு பேர், 2 சதவீதம் என்றால் எட்டு பேர். தொலைபேசி எடுத்தவர் இன்னும் நாலு பேர் கூடுதலாக ஒரு பெயரைச் சொன்னால் ஒருவர் கோடிக்கணக்கானவர்கள் முன்னால் பேசுவார், சொல்லாவிட்டால் அவர் பெயரே யாருக்கும் தெரியாமல் போகும். தெரியாததால் கணிப்பில் வராது, கணிப்பில் வராததால் மேடை இல்லை, மேடை இல்லாததால் நன்கொடையும் நின்றுவிடும். 1975-ல் இந்த விதி இருந்திருந்தால் கார்ட்டர் எங்கே போயிருப்பார்? கணிப்பு ஒரு தெர்மாமீட்டராக இருக்கட்டும், யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்கிற வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது. இரண்டு கட்சிகளுமே இதில் தவறு செய்கின்றன என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. 2028 கணிப்பு அடுத்து வரும்போது நான் எதைப் பார்க்கட்டும்? நியூசம், புட்டிஜெஜ், வான்ஸ் என்று பெயர்கள் குழப்புகின்றன. (புதுச்சேரி வாசகி)

இரண்டு கட்சியையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். குடியரசுக் கட்சியில் ஜே.டி. வான்ஸ் பதவியில் இருக்கும் துணை அதிபர், அவருடைய முன்னிலையில் டிரம்ப் மேல் இருக்கிற ஈடுபாடு எவ்வளவு, அவருக்கே சொந்தமானது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டிசாண்டிஸுக்கு இந்தப் பிரிவினைதான் வினையானது. 2022 நவம்பரில் ஃப்ளோரிடா ஆளுநர் தேர்தலில் 19 புள்ளியில் ஜெயித்த கையோடு சில கணிப்புகளில் டிரம்பையே முந்தினார். அடுத்த மார்ச்சில் நியூயார்க்கில் டிரம்ப் மீது குற்றச்சாட்டு பதிவானதும் கட்சிக்காரர்கள் டிரம்பைச் சுற்றி அரண் அமைத்தார்கள், டிசாண்டிஸிடம் இருந்தது இரவல் என்று தெரிந்துபோனது.

ஜனநாயகக் கட்சியில் கேவின் நியூசம், பீட் புட்டிஜெஜ், ஹாரிஸ், அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் என்று முதலிடம் கணிப்புக்குக் கணிப்பு கை மாறுகிறது. அதனால் முதலிடத்தை விட்டுவிடுங்கள். புட்டிஜெஜ் 2020-ல் அயோவாவில் பிரதிநிதிகள் கணக்கில் மயிரிழையில் முதலில் வந்தவர், தெற்கு கரோலினாவில் அவருக்கு 8 சதவீதம்தான். கறுப்பின வாக்காளர்கள் அவரை ஏற்கவில்லை. இப்போது அந்தப் பிரிவில் அவருடைய எண் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நியூசமுக்கு, டிரம்பை எதிர்த்துச் சண்டை போடுகிறார் என்பதால் வந்த ஆதரவு இரண்டாவது விருப்பக் கேள்வியிலும் தெரிகிறதா என்று பாருங்கள். ஒகாசியோ-கோர்டெஸுக்கு 'போடவே மாட்டேன்' என்பவர்கள் எத்தனை என்று பாருங்கள்.

அந்த மூன்று எண்களும் செய்தியில் இல்லாவிட்டால் கணிப்பு எடுத்த நிறுவனத்தின் முழு அட்டவணையில் இருக்கும். பெரும்பாலும் இலவசமாகவே வெளியிடுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகக் கீழே போய்த் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.